எழுந்து நின்றபிறகு சொல்லும் நோய்

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் முதலில் சொல்வது மூட்டுவலி, சர்க்கரை, தூக்கமின்மை. மருந்துச்சீட்டை வாங்கி எழுந்து நின்றபிறகுதான், "டாக்டர், இன்னொண்ணு... இந்த வயசுல இதைச் சொல்லலாமான்னு தெரியல" என்று தயங்குவார்கள். மகளிர் மருத்துவராக இத்தனை வருடம் வேலை பார்த்ததில், பலர் வந்ததே அந்த 'இன்னொண்ணு'க்காகத்தான் என்று எனக்குப் புரிந்திருக்கிறது. "உட்காருங்கம்மா, அதையும் பேசிடலாம்" என்பேன்.

பெரும்பாலும் அது உடலுறவின்போது வரும் எரிச்சலும் வலியும்தான். 'வயசானா ஆசை போயிடும், உடம்பு ஒத்துக்காது' என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நடப்பது வேறு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்சுவர் மெலிகிறது, ஈரப்பசை குறைகிறது. அங்கே இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கிருமிகளைத் தடுக்கும் அமிலத்தன்மையும் போய்விடுகிறது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வர இதுவும் ஒரு காரணம். வலிக்கும் என்று தெரிந்தால் யாருக்குத்தான் ஆசை வரும்? வலி தீர்ந்ததும் ஆசை திரும்பிய பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

'கொஞ்ச நாள்ல தானா சரியாயிடும்' என்றும் காத்திருக்கிறார்கள். திடீரென உடல் சூடாகி வியர்ப்பது பலருக்கு நாளடைவில் தணியும். வறட்சி அப்படியல்ல, கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். இதற்கு வழி இருக்கிறது: உறவின்போது வழவழப்புக்கு லூப்ரிகண்ட், வாரத்தில் சில நாள் பிறப்புறுப்புக்கென்றே உள்ள ஈரப்பசை தரும் மாய்ஸ்சரைசர், அதுவும் போதாவிட்டால் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம்.

ஹார்மோன் என்றதும் மிரண்டுபோவார்கள். 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்று அதிகம் என்று கண்டு, பாதியில் நிறுத்தப்பட்டது. அந்தப் பயம் இந்த க்ரீம் மீதும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

மாதவிடாய் தாறுமாறாக வரத் தொடங்கியதுமே கருத்தடையை நிறுத்திவிடுவோரும் உண்டு. கடைசி மாதவிடாய்க்குப் பின், ஐம்பதைத் தாண்டியவருக்கு ஓராண்டும் அதற்குக் குறைந்தவருக்கு இரண்டாண்டும் கருத்தடை தேவை.

என்னை உண்மையிலேயே கலங்க வைப்பது ரத்தப்போக்குதான். மாதவிடாய் ஓராண்டு நின்றிருந்து மறுபடி லேசாகக் கறை பட்டால்கூட 'சூட்டால இருக்கும்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலானோருக்கு அது ஆபத்தில்லாத காரணமாகத்தான் இருக்கும். ஆனால் நூறு பேரில் ஏறக்குறைய 10 பேருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கலாம். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஒரு துளி என்றாலும் அந்த வாரமே வந்துவிடுங்கள்.

தயக்கம் முழுவதும் பெண்களுடையது என்று சொல்ல மாட்டேன். நரைத்த தலையைப் பார்த்ததும் மருத்துவர்களும் இதைக் கேட்காமல் தாண்டிவிடுகிறார்கள். நான் தூக்கம், சிறுநீர், தாம்பத்யம் மூன்றையும் ஒரே வரிசையில் கேட்கிறேன். கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்கிறேன். தனியாக வாழ்பவர்களையும் விடுவதில்லை. வறட்சியும் தொற்றும் துணை இருப்பவர்களுக்கு மட்டுமா வருகிறது?