ட்ராஸ்டெவெரேல சாப்பிடணும்னா பயப்படாம போங்க

ரோம் போறோம்னு சொன்னதுமே ஏகப்பட்ட பேர் சொன்ன அட்வைஸ், ட்ராஸ்டெவெரே பக்கம் சாப்பிடவே போகாதீங்க, முழுக்க டூரிஸ்ட் ஏரியா, காசைப் புடுங்கிடுவாங்கன்னு. எனக்கு இதுல உடன்பாடே இல்லங்க. கூட்டம் இருக்கு, உண்மைதான். பியாஸ்ஸா வெனிசியால 8-ம் நம்பர் ட்ராம் ஏறி, டைபர் ஆத்தைத் தாண்டி இறங்கி லுங்கரெட்டா தெருவுக்குள்ள நுழைஞ்சா சாயங்காலம் நடக்கக்கூட இடம் இருக்காது, கடைக்கு கடை வாசல்ல ஒருத்தர் மெனு கார்டோட நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. ஆனா அந்த மெயின் தெருவ விட்டுட்டு சாண்டா மரியா சர்ச்சுக்குப் பின்னாடி இருக்குற சந்துங்களுக்குள்ள போங்க, அது வேற உலகம்.

நாங்க போனது மார்ச் மாசம். அந்த சந்துல நாங்க பாத்த கடை ஏழரை மணி வரைக்கும் திறக்கவே இல்ல, அதுவே எனக்கு நல்ல சகுனமாப் பட்டுச்சு, ஏன்னா ரோம்காரங்க ராத்திரி எட்டு மணிக்கு முன்னாடி சாப்பிட உக்காரவே மாட்டாங்க, அஞ்சு மணிக்கே டின்னர் போடுற கடைன்னா அது நம்மள மாதிரி வர்றவங்களுக்காக நடத்துறதுதான். மெனு ஒரே ஒரு பக்கம். போட்டோ கிடையாது.

ரோம்ல பாஸ்தான்னா முக்கியமா நாலு வகை. பன்னிக் கன்னக் கறிய உப்பு போட்டுப் பதப்படுத்துறது குவான்சாலே, அதையும் பெகொரினோங்கிற ஆட்டுப்பால் சீஸையும் மிளகையும் சேத்தா கிரீச்சா. அதுலயே தக்காளி சேந்தா அமாத்ரிச்சானா, முட்டை சேந்தா கார்போனாரா. கறியே இல்லாம வெறும் சீஸும் மிளகும்னா காச்சோ எ பெப்பே. அவ்ளோதான், க்ரீம்னு ஒரு சொட்டு கூட கிடையாது, நம்ம ஊர் கஃபேங்கள்ல கார்போனாரான்னு வெள்ளையா கொழகொழன்னு ஒண்ணு தருவாங்களே அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அமாத்ரிச்சானாவோட பூர்வீகம் அமாத்ரிச்சேங்கிற மலையூர், 2016 ஆகஸ்ட்ல பூகம்பத்துல அந்த ஊரே இடிஞ்சு போச்சு, அப்போ இத்தாலி பூரா நிறைய ஓட்டல்கள்ல இந்த பாஸ்தாவ வித்து ஒரு தட்டுக்கு இவ்ளோன்னு நிவாரண நிதிக்கு அனுப்புனாங்க. அதைப் படிச்சதுல இருந்தே எனக்கு அந்த பாஸ்தா மேல ஒரு பாசம்.

எங்க வீட்டுக்காரர் கார்போனாரா சொன்னாரு, நான் காச்சோ எ பெப்பே. சமையல்கட்டுக்கு பக்கத்து டேபிள்ங்கறதால செய்யுறத நல்லா பாக்க முடிஞ்சுது. மிளகைப் பொடியாக்காம ஒண்ணுரெண்டா இடிச்சு வெறும் வாணல்ல வாசம் வர்ற வரைக்கும் வறுத்தாங்க, அதுல பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணிய ஒரு கரண்டி ஊத்தி, முக்கா வேக்காட்டுல எடுத்த டொன்னரெல்லிய, அதான் கொஞ்சம் தடியான நூடுல்ஸ் மாதிரி பாஸ்தா, போட்டுக் கொதிக்க விட்டாங்க. அப்புறம் அடுப்ப விட்டு இறக்கிட்டுதான் சீஸ். சூடா இருக்கறப்பவே கொட்டுனா சீஸ் திரிஞ்சு கட்டி கட்டியா போயிடும், கொஞ்சம் ஆறவிட்டு வாணலைத் தூக்கித் தூக்கிப் போட்டா அந்தக் கஞ்சியும் சீஸும் சேந்து வழவழன்னு ஒரு சாஸா மாறுது. பாத்துக்கிட்டே இருந்தேன், ஒரு நிமிஷ வேலை, ஆனா கை பழகணும். வாய்ல வெச்சா முதல்ல சீஸோட உப்பு, அப்புறம் தொண்டைல மிளகு. "ஏங்க, நம்ம ஊர் மிளகு ரசம் குடிச்ச மாதிரியே காரம் பிடிக்குது பாருங்க"ன்னு அவருக்கும் ஒரு வாய் குடுத்தேன்.

இந்த மிளகப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். முசிறிக்கு பொன்னோட வந்த யவனர் கப்பல் மிளகோட திரும்புனதா சங்கப் பாட்டுல படிச்சிருப்போமே, அந்த மிளகைக் கொட்டி வெக்க ரோம்ல பேரரசன் டொமிஷியன் கிடங்கே கட்டுனான், ஃபோரம்ங்கிற பழைய ரோம் சிதிலங்க பக்கத்துல மேக்சென்டியஸ் பசிலிக்காவுக்கு அடியில இருக்கு அந்த இடம். காலைல அந்த வழியாதான் நடந்தோம், ராத்திரி தட்டுல மிளகு. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

சுத்த சைவக்காரங்க ஒண்ணு கவனிங்க, பெகொரினோ ரொமானோவுக்கு பால் உறைய வெக்கிறது ஆட்டுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னெட். அது வேணாம்னா கூனைப்பூ சாப்பிடுங்க, அதான் ஆர்ட்டிசோக், மார்ச்ல அதுக்கு நல்ல சீசன். யூத ஸ்டைல்ல முழுசா எண்ணெய்ல ரெண்டு தடவை பொரிச்சு எடுப்பாங்க, பூ மாதிரி விரிஞ்சு நிக்கும், வெளி இதழ் நொறுநொறுன்னு இருக்கும், நடுவுல மெத்துன்னு. 1555-ல போப் யூதர்கள ஆத்துக்கு அந்தக் கரைல கெட்டோங்கிற தனிக் குடியிருப்புக்குள்ள அடைக்குறதுக்கு ரொம்பக் காலம் முன்னாடி அவங்க நிறைய பேர் இருந்தது இந்த ட்ராஸ்டெவெரேலதான், அதனால இங்க அத சாப்பிடுறது ரொம்பப் பொருத்தம்.

பில் வந்தா ரொட்டிக்குன்னு தனியா ஒரு தொகை இருக்கும், பயப்படாதீங்க. உக்காந்ததுக்கு வாங்குற கோபெர்த்தோவ ரோம் இருக்குற லாசியோ மாநிலத்துல 2006-லயே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, ரொட்டிக்கு மட்டும் வாங்கலாம், வேணாம்னா முதல்லயே சொல்லிடுங்க. மீன் ஆர்டர் பண்ணா மட்டும் கவனம், மெனுல போட்டிருக்குற விலை நூறு கிராமுக்கு இருக்கும், எடை கேட்டுட்டு சொல்லுங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல.

வியாழக்கிழமை போறவங்க ஞோக்கி, அதான் உருளைக்கிழங்குல செய்யுற சின்னச் சின்ன உருண்டை, இருக்கான்னு கேளுங்க, ரோம்ல அது வியாழக்கிழமை சாப்பாடு, பழைய கடைங்கள்ல இன்னும் அந்த வழக்கம் இருக்கு.