ஒருவேளை என்பதற்கு என்ன படம்?

2024 ஜூன் 9, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். புதுச் சட்டையின் கழுத்து லேபிளை வெட்டினால் போதாது, தையலைப் பிரித்து நூல் முனைகூட இல்லாமல் பிடுங்க வேண்டும். பிடுங்கியாயிற்று. மூன்று முறை துவைத்தும் மொடமொடப்பு போகவில்லை.

அப்பா ஒரு வேலை செய்து வைத்திருக்கிறார். காலண்டரில் 12-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். "அன்னைக்கு மேட்டூர் தொறப்பான். நாலாம் நாள் கல்லணை. அப்புறம் நம்ம வாய்க்கா. தண்ணி வந்துடும் தம்பி." கடைசியில் அவருடைய இருமல்.

அணையில் 43 அடிதான் இருக்கிறது என்று பேப்பரில் படித்திருந்தேன். திறக்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் வாயைத் திறக்கவில்லை. என் பிள்ளை மறந்துவிடுவான் என்று நினைத்தேன். எதை இவன் மறந்திருக்கிறான்?

ஜூன் 10

அழவில்லை. தண்டவாளத் துண்டில் மணி அடித்தபோது மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

ஜூன் 12, புதன்

காலை ஆறு மணிக்கே மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். வாய்க்காலில் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் நெய்வேலி காட்டாமணக்கு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நடுவில் தெரிகிற களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு அப்பா போய்ச் சொன்னார். "இந்த வருசம் தொறக்கல தம்பி. அணையில தண்ணி இல்ல." பதில், அப்பாவின் குரலிலேயே வந்தது. "தண்ணி வந்துடும் தம்பி." அந்த இருமலோடு. ஏற்ற இறக்கம், மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அச்சு அசல் அவரேதான். அப்பா சிரித்துவிட்டார். பத்தாவது தடவைக்குப் பிறகு சிரிப்பு நின்றது. நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

அவன் கேலி செய்யவில்லை என்று அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது? அது கேள்வி. "நீங்கள் சொன்னீர்களே, எங்கே?" என்று கேட்கத் தெரியாமல், சொன்னதையே திருப்பிக் கொடுக்கிறான். பசித்தாலும் "உனக்குப் பசிக்குதா?" என்றுதான் என்னிடம் வந்து நிற்பான். நான் கேட்கிற கேள்விக்கும் சோற்றுக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறான். நான், நீ மட்டும்தான் இடம் மாறிக்கிடக்கின்றன. 1943-இல் லியோ கேனர் என்ற டாக்டர் ஆட்டிசம் உள்ள பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இது இருக்கிறது. எண்பது வருடத்துக்கு முன்னால், வேறொரு தேசத்தில், வேறொரு மொழியில் இதே போல் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். ஏனோ அது ஆறுதலாக இருக்கிறது.

சாயங்காலம் கையைக் கடித்துக்கொண்டான். வலது மணிக்கட்டு.

ஜூன் 13

கடித்த இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டேன். நிறம் பிடிக்காமல் சட்டையில் துடைத்துவிட்டான்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. செய்யக்கூடாது என்று நினைத்ததைச் செய்தேன்.

கொலுப்பெட்டியிலிருந்து தலையாட்டிப் பொம்மையையும் செட்டியார் பொம்மையையும் எடுத்தேன். தலையாட்டி ஒரு கோலிக்குண்டைக் கொட்டாங்கச்சிக்கு அடியில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகிறாள். செட்டியார் அதை எடுத்து டம்ளருக்கு அடியில் மாற்றி வைக்கிறார். தலையாட்டி திரும்பி வருகிறாள். "கோலியை எங்க தேடுவா?"

"டம்ளர்."

யோசிக்கவே இல்லை. கோலி டம்ளரில்தானே இருக்கிறது. அவள் பார்க்கவில்லை, ஆகவே அவளுக்குத் தெரியாது என்பது அந்த விளையாட்டில் அவனுக்கு இல்லவே இல்லை. தனக்குத் தெரிந்தது தலையாட்டிக்கும் தெரியும்.

1985-இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹனும் ஆலன் லெஸ்லியும் ஊட்டா ஃப்ரித்தும் செய்த சோதனை இது. ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் இப்படித்தான் சொன்னார்கள். டவுன் சின்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இது வெறும் அறிவுக்குறைவு இல்லை, அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதில் உள்ள தனிச் சிக்கல் என்றார்கள். எனக்கு அந்தப் பதினாறு பேர்மேல் அக்கறை இல்லை. மீதி நான்கு பேர் யார், அவர்களுடைய அம்மாக்கள் என்ன செய்தார்கள் என்றுதான் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுபடி செய்தேன். டம்ளர். மூன்றாம் தடவை பொம்மையின் தலையைத் தட்டிவிட்டு, அது ஆடி நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தான். நானும்.

ஜூன் 21, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது.

இரண்டு பையன்கள் சார் காதில் போய் ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் நாங்கள் உனக்கு ஃபிரண்ட். இவன் நேராகப் போய், கணீரென்று, அவர்கள் சொன்ன அதே ராகத்தில் சொல்லிவிட்டான். பிரம்படி இரண்டு. யாருடா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதும் பெயர், இனிஷியல், பெஞ்சு எண் எல்லாம் சொல்லியிருக்கிறான். அவர்களுக்கும் அடி. "மதியத்திலேர்ந்து இவன்கூட யாரும் உக்கார மாட்டேங்கறாங்கம்மா" என்கிறார் அந்த சார், என்னவோ வானிலை சொல்வது மாதிரி.

கையைத் திருப்பிப் பார்த்தேன். தடிப்பு.

பொய் சொல்ல வேண்டுமென்றால், எதிரில் இருப்பவருக்கு இது தெரியாது என்று தெரிய வேண்டும். இவனுக்கு அது வராது. காட்டிக்கொடுப்பது என்றால் என்ன என்றும் வராது. அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்பதும். ஃபிரண்ட் என்றால் சொன்னதைச் செய்தால் கிடைப்பது, பஸ் டிக்கெட் மாதிரி. டிக்கெட் வாங்கிவிட்டான், ஏன் ஏற்றவில்லை என்பதுதான் இப்போது அவன் குழப்பம். "ஃபிரண்ட் எங்கே ஃபிரண்ட் எங்கே" என்று சாப்பிடும்போதெல்லாம்.

அடித்தது தப்பு என்று திங்கட்கிழமை போய்ச் சொல்ல வேண்டும். சண்டை போட்டால் வேறு பள்ளி பார்க்கச் சொல்லுவார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் வேறு என்ன இருக்கிறது? சண்டை போடாமல் சொல்ல வேண்டும். அது எனக்கும் வராது.

ஜூன் 22

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சரி சரி, ஞாயித்துக்கிழமை வர்றேன், பேசிக்கலாம்."

ஜூன் 23

வரவில்லை.

ஜூலை 3, புதன்

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் போனோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. மன்னார்குடி வண்டிக்கு எஞ்சினை மாற்றி மாட்டுகிறார்களோ என்னவோ, இருபது நிமிடம் பஸ் நகரவில்லை. டிரைவர் வாயில் வராத வார்த்தை இல்லை. பின் சீட்டில் ஒரு அம்மாவுக்குக் கல்யாணப் பந்தியே போய்விடுமாம். பஸ்ஸில் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் என் பிள்ளைதான். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, குளிக்கரை, திருவாரூர்." திரும்பத் திரும்ப. எப்போது திறக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் 40 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறானா என்று ஆரம்பிக்கிறது. கடைசிப் பக்கத்தில் அபார ஞாபகசக்தி இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். ஆமாம் என்றால் அதற்கும் மதிப்பெண் ஏறும். ரயில் நிலையங்களைச் சொன்னதற்கும் ஏறியிருக்கும்.

மொத்தம் 118. 107 முதல் 153 வரை மிதமான ஆட்டிசம். "எத்தனைக்கு?" என்றார் அப்பா வாசலிலேயே. 200-க்கு என்றேன். "அப்ப பாஸுதான்" என்றார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எந்தக் காலத்தில் கோலியைச் சரியான இடத்தில் தேடியிருக்கிறேன்?

ஜூலை 4

சென்னையில் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த படஅட்டைகளைத் திரும்ப எடுத்தேன். பல் தேய்ப்பது, குளிப்பது, இட்லி, பள்ளி, தூக்கம். வரிசையாகச் சுவரில் ஒட்டினால் அன்றைய நாள் ஒழுங்காகப் போகும். அடுத்தது என்ன என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கும், தலைக்குள் தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. "ஒருவேளை"க்கு இல்லை.

மேகம் வரைந்து காட்டினேன். "மழை" என்றான். தராசு வரைந்தேன். "ரேஷன் கடை." கேள்விக்குறி போட்டேன். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து 2 ஆக்கிக் கொடுத்தான்.

இரவு பத்தரைக்குத் தோன்றியது. கேட். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட மூடிய கேட். திறக்கும், எப்போது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இல்லை, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வரைந்தேன்.

ஜூலை 5

அட்டையைப் பத்து நிமிடம் பார்த்தான். பட்டைகளை எண்ணி, ஒன்று குறைகிறது என்று சேர்த்தான். காலண்டரில் சிவப்பு வட்டத்தின்மேல் நானே ஒட்டினேன். "தண்ணி, கேட்" என்றேன். "தண்ணி கேட்" என்றான். இருமல் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

பெரிய அத்தை வந்திருந்தாள். செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம். வயிற்றில் இருக்கும்போது நான் வேலைக்குப் போனதால் பாசம் ஒட்டவில்லையாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் டாக்டர்களே இப்படித்தான் சொன்னார்கள், அம்மாக்கள் ஐஸ்பெட்டி மாதிரி இருப்பதால் குழந்தைகள் இப்படி ஆகின்றன என்று. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற மனவியலாளர் 1964-இல் புத்தகம் எழுதி அதை உடைத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். அத்தையிடம் இதைச் சொல்ல முடியுமா? காபி போட்டுக் கொடுத்தேன்.

"எனக்குத் தலை சுத்துதுடி" என்றாள் கிளம்பும்போது. தம்பி எழுந்து போய் அவள் பின்னால் நின்று கொண்டையைப் பார்த்தான். சுற்றவில்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்பி வந்தான். இந்த வாரத்தின் ஒரே சிரிப்பு.

ஜூலை 20

கர்நாடகாவில் பெய்கிறதாம். அப்பா பேப்பரை உரக்கப் படிக்கிறார். தம்பி நீர்மட்டத்தை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்கிறான். அவர் தப்பாகப் படித்தால், எழுதியதை அடித்துத் திருத்துகிறான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, ஆனால் ஒரே பேப்பர். இதையும் அந்த 40 கேள்வியில் எங்காவது கேட்டிருக்கலாம்.

ஜூலை 24

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதியதைப் பற்றி ராத்திரி படித்தேன். அவரே ஆட்டிசம் உள்ளவர். புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான், எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்றால் உங்களுக்கும் எங்களைப் புரியவில்லை என்கிறார். ஜூன் ஒன்பதாம் தேதி நான் வாயை மூடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. மறந்துவிடுவான் என்று நினைத்தது யார் தலைக்குள்ளிருந்து? கொட்டாங்கச்சிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தவள் நான்.

தூக்கம் வரவில்லை.

ஜூலை 27

மேட்டூர் 100 அடி தாண்டிவிட்டது. அப்பா தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் திறந்தாயிற்று. குறுவைக்கு லாயக்கில்லை, சம்பாவுக்கு ஆகும் என்கிறார். நோட்டில் போன வருடத் தேதிகளைக் கேட்டு எழுதியிருக்கிறான். 2022 மே 24. 2023 ஜூன் 12. 2024 ஜூலை 28. அதற்குக் கீழே 2025 என்று போட்டு, எதிரில் ஒரு சின்னக் கேட் வரைந்திருக்கிறான். நான் சொல்லவில்லை.

ஜூலை 31

நேற்றே மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டது. இன்று கல்லணை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. கொள்ளிடத்தில் கரை கொள்ளாமல் கடலுக்குப் போகிறது, நம் வாய்க்காலுக்கு ஒரு சொட்டு வரவில்லை. கோரையாற்றுக்கே இன்னும் சரியாக வரவில்லை என்கிறார் அப்பா. கடைமடைக்கு எப்போதும் இதே கதைதான். பெண்கள் அடிபம்பில் மஞ்சள் வைத்துப் படைத்தார்கள். அம்மாவும் போனாள். மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் காலை நாலரைக்கு ஆரம்பித்தது. தம்பியை நெல் குதிருக்குப் பின்னால் போர்வை சுற்றி உட்கார வைத்தேன். காதோலை கருகமணியை அவன்தான் பாக்கெட்டிலிருந்து பிரித்து வரிசையாக அடுக்கினான், பெரிதிலிருந்து சிறிதாக. அம்மா எடுக்கப்போனபோது கத்திவிட்டான். ஒரு வரிசையை விட்டுவிட்டுப் போனாள்.

அவர் போன் செய்தார். நாளைக்குக் கட்டாயம் வருகிறாராம், டிக்கெட் போட்டாயிற்றாம்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சுவரில் இன்றைய வரிசையில் அவனுடைய அப்பா படத்தை ஒட்டினேன். குளித்துவிட்டு வந்தபோது பார்க்கிறேன், அதன்மேல் கேட்.

நான் ஒட்டவில்லை. அம்மாவும் இல்லை.

எடுத்துவிடப்போனேன். எடுக்கவில்லை. ரயில் காலையில் வந்துவிட்டது, நிலையத்திலிருந்து பஸ். பஸ்ஸும் வந்தது. மதியம் வரை வாசலில் நான்தான் நின்றேன். அவன் உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்தான். ஆபீஸில் ஏதோ அவசரமாம், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாராம், மூன்று மணிக்குப் போன். அவன் கத்தவில்லை, கையைக் கடிக்கவில்லை. அந்த அட்டையைக் கண்டுபிடித்ததற்காக என்னை மெச்சிக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அப்பா பெரிய பாலத்து வரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நுரையும் குப்பையுமாகத் தலைப்பில் நிற்கிறதாம். தம்பி எழுந்து போய் அவர் முழங்கையைப் பிடித்து வாய்க்கால் பக்கம் திருப்பினான். விரலால் காட்ட மாட்டான், ஆளையே திருப்புவான். அப்பா "நாளைக்கு" என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார்.

"தாத்தாவுக்குத் தெரியாது தம்பி."

ஆகஸ்ட் 7

மணி இரண்டே கால். படுக்கையில் இல்லை. வாசல் கதவு திறந்திருக்கிறது. டார்ச்சைக் காணோம்