புரோமோட்டர் வலை: நடுவில் மின்னிய நட்சத்திரம் நான் வைத்தது

இரண்டு வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டிஎன்ஏ துண்டுகளை வலையாகப் பின்னும் வேலைதான். ஈ.கோலை பாக்டீரியாவில் ஜீனைப் படிக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி வந்து உட்காரும் டிஎன்ஏ பகுதிக்குப் புரோமோட்டர் என்று பெயர். அதில், படிக்கத் தொடங்கும் புள்ளிக்குச் சுமார் பத்தெழுத்து முன்னால், -10 பெட்டி என்று ஆறெழுத்துத் துண்டு ஒன்று உண்டு, 1975-இல் டேவிட் பிரிப்னோ கவனித்தது. அதன் பொதுவடிவம் டி-ஏ-டி-ஏ-ஏ-டி, ஆனால் நிஜ ஜீன்களில் பெரும்பாலும் ஓரெழுத்தோ ஈரெழுத்தோ மாறித்தான் கிடக்கும். ஓரெழுத்து மட்டும் மாறும் துண்டுகளைக் கோடு போட்டு இணைத்தால் என்ன வடிவம் வரும் என்று பார்க்க ஆசை. சாத்தியமான துண்டுகள் 4096, ஒவ்வொன்றுக்கும் 18 பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் வழக்கமாக எடுக்கும் அந்தப் பழைய தொகுப்பையே எடுத்தேன்: 53 புரோமோட்டர், 53 அல்லாதவை, ஒவ்வொன்றும் 57 எழுத்து. முதலில் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஆறெழுத்து வெட்டினேன். வெறும் கூழ். ஜீன் படிக்கத் தொடங்கும் புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறுகிறதே, அது தெரிந்தும் செய்தேன்.

சரி என்று, பொதுவடிவத்தோடு அதிகம் ஒத்துப்போகும் துண்டை அக்கம்பக்கத்தில் தேடி எடுக்கும்படி நிரலை மாற்றினேன். அழகான நட்சத்திரம் வந்தது, நடுவில் டி-ஏ-டி-ஏ-ஏ-டி. ஒரு நாள் முழுக்க சந்தோஷம். மறுநாள் புரோமோட்டர் அல்லாத 53-ஐயும் அதே நிரலில் போட்டால் அதிலும் ஏறக்குறைய அதே நட்சத்திரம்! தேடும்போதே நடுவை நானே முடிவு செய்துவிட்டேன், அப்புறம் வராமல் எங்கே போகும்.

இப்போது சோதனையில் உறுதியான பெட்டிகளை மட்டும் கையால் சேர்க்கிறேன். குட்டி வலைதான், ஆனால் ஒரு மூலை பிடித்திருக்கிறது. லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்களுக்கான லாக் புரோமோட்டரில் டி-ஏ-டி-ஜி-டி-டி. டைரோசின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏ ஒன்றின் புரோமோட்டரில் டி-ஏ-டி-ஜி-ஏ-டி, ஓரெழுத்துதான் வித்தியாசம். இன்னும் ஓரெழுத்து மாற்றினால் யூவி5 என்ற லாக் மாற்றுவகை, அது அச்சாகப் பொதுவடிவம். சாதாரண லாக்குக்கு வேண்டிய கேப் (CAP) என்ற உதவிப் புரதத்தின் தயவு இல்லாமலே நன்றாக ஓடும். புரோமோட்டரில் இன்னும் முன்னால் இருக்கும் இன்னொரு ஆறெழுத்துத் துண்டான -35 பெட்டியும் மூன்றுக்கும் ஒன்றே: டி-டி-டி-ஏ-சி-ஏ. வலையில் மூன்றும் வரிசையாக நிற்கின்றன.

ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே லாக்கிலும் யூவி5-இலும் 18 எழுத்து, டைரோசின்காரருக்கு 16. அடுத்து இந்த இடைவெளியையும் கணக்கில் சேர்க்கப் போகிறேன், அப்போது நடுவில் நிற்பவர் கழன்றுகொள்வார் என்று நினைக்கிறேன்.