பொலன்னறுவை: தந்ததாதுவுக்குக் காவல் நின்ற தமிழ்ப்படை

பொலன்னறுவைக்குப் போகும் தமிழர்களில் பலர் சிவன் கோயில்களைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெள்ளை உடையோடு பேருந்துகளில் வந்திறங்கும் சிங்கள யாத்திரிகர்களோ பாறையில் செதுக்கிய புத்தர் உருவங்கள் உள்ள கல்விகாரையில் மலர் வைத்து வணங்கிவிட்டு அடுத்த தலத்துக்குப் புறப்படுகிறார்கள். இரு தரப்பினரும் பாதி நகரத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இலங்கையின் அரசியல் இந்த நகரத்தைச் சுற்றியே நடந்தது. அந்தக் காலத்தின் பௌத்தக் கட்டடங்களையும் சைவக் கோயில்களையும், சிங்களக் கல்வெட்டுகளையும் தமிழ்க் கல்வெட்டுகளையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் இந்த ஊர் தன்னை முழுமையாகக் காட்டும்.

993இல் முதலாம் இராஜராஜனின் படை அன்றைய தலைநகரான அநுராதபுரத்தைக் கைப்பற்றியது. உறுகுணைக்குப் பின்வாங்கிய ஐந்தாம் மகிந்தனை 1017இல் இராஜேந்திர சோழனின் படை சிறைப்பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுசென்றது. அம்மன்னன் அங்கேயே இறந்தான். தெற்கே உறுகுணையில் எதிர்ப்பு ஓயாதிருந்த நிலையில், மகாவலி கங்கையின் கடவைகளைக் கண்காணிக்க வாய்ப்பான இடத்தில் இருந்த பொலன்னறுவையைச் சோழர் தம் ஆட்சி மையமாக்கி, அதற்குச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். சோழ அரசியின் பெயரைத் தாங்கிய வானவன்மாதேவி ஈச்சரம் அந்தக் காலத்துக் கோயில். இன்று இரண்டாம் சிவ தேவாலயம் என்று பெயர்ப்பலகையில் குறிக்கப்படும் அந்தக் கற்றளிதான் நகரத்தில் எஞ்சியுள்ள கட்டடங்களில் மிகப் பழையது. தஞ்சைப் பக்கத்துச் சிறு கோயிலொன்றை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல் அது நிற்கிறது; அதிராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு.

1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றி, தலைநகரை அநுராதபுரத்துக்கு மாற்றாமல் இங்கேயே வைத்துக்கொண்டான். நீண்ட போரினால் பௌத்த சங்கம் சிதைந்து, உபசம்பதை என்னும் முழுத் துறவு நிலையை வழங்கத் தேவையான அளவு பிக்குகள்கூட நாட்டில் இல்லாதிருந்தமையால், பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து அந்த மரபை மீட்டெடுத்தான். புத்தரின் புனிதப் பல்லான தந்ததாதுவுக்கு அவன் காலத்தில் எழுந்த மாளிகையே அடதாகே. அதன் கூரையும் செங்கற்சுவர்களும் போய்விட்டன. செதுக்கிய கற்றூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.

அந்தத் தூண்களுக்கு அருகே நிற்கும் கற்பலகைதான் இந்த நகரத்தில் நான் மிகவும் மதிக்கும் பொருள். வடமொழிச் செய்யுளில் தொடங்கித் தமிழில் தொடரும் அந்தக் கல்வெட்டு, விஜயபாகு இறந்தபின் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசனிடம் பணிபுரிந்த தமிழ்ப்படையான வேளைக்காரப் படையினர் வெட்டுவித்தது. அரசன் பர்மாவிலிருந்து பிக்குகளை அழைத்ததையும் சங்கத்தைத் தூய்மை செய்ததையும் புகழ்ந்துவிட்டு, படையினர் தம் உறுதிமொழிக்கு வருகிறார்கள். தந்ததாதுவின் மாளிகைக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயர் சூட்டி, அதற்குரிய ஊர்களையும் பணியாளர்களையும் உடைமைகளையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும், தமக்கு எந்த அழிவு நேர்ந்தாலும் காப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் பிரிவுகளின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன.

இதே வேளைக்காரர்கள் விஜயபாகுவின் காலத்திலேயே, சோழருக்கு எதிராகப் போரிடச் சொன்னபோது மறுத்துக் கிளர்ந்து அரண்மனைக்குத் தீ வைத்தவர்கள் என்று இலங்கையின் பாளி மொழி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அரசன் அந்தக் கிளர்ச்சியைக் கடுமையாக அடக்கினான். அப்படிப்பட்ட படையிடமே நாட்டின் மிகப் புனிதமான பொருளின் காவல் ஒப்படைக்கப்பட்டதையும், தந்ததாதுவை வைத்திருப்பவனே அரசன் என்று கருதப்பட்ட அந்த நாட்டில் அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதையும் எண்ணிப் பார்க்கும்போது, அன்றைய மக்கள் தம்மை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள், எங்கே சேர்ந்துகொண்டார்கள் என்பதை இன்றைய அளவுகோல்களால் அளப்பது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கல்வெட்டின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்க முயலும் தமிழர்கள் அரிது என்பது வருத்தத்துக்குரியது.

அடதாகே நிற்கும் அதே மேடையிலுள்ள வட்டதாகே என்னும் வட்டவடிவத் தூபிக் கட்டடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அதன் படிகளின் அடியிலுள்ள அரைவட்டச் சந்திரவட்டக் கல்லில், அநுராதபுரத்துக் கற்களில் காணப்படும் எருது இல்லை. சைவர்கள் வணங்கும் நந்தியை மிதித்து ஏறக்கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள் என்று விளக்கம் சொல்வதுண்டு. அருகிலேயே நிசங்கமல்லன் என்ற மன்னனின் கல்பொத்த (கல்நூல்) கிடக்கிறது. 26 அடிக்கு மேல் நீளமுள்ள இந்தக் கற்பாளத்தை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்து, அதில் தன் பெருமையை நிரப்பி எழுதுவித்திருக்கிறான் அந்த மன்னன்.

1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் காலமே நகரத்தின் உச்சம். அவனுடைய அரண்மனை ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டது என்று சூளவம்சம் பாடுகிறது. இன்று எஞ்சியவை மிகத் தடித்த செங்கற்சுவர்களும், மேல்தளங்களின் உத்தரங்கள் பொருந்தியிருந்த குழிகளும்தான். ஆனால் அவன் பெயரை இன்றும் வயல்களில் வாழவைப்பது பராக்கிரம சமுத்திரம். தோப்பாவெவ முதலிய குளங்களை இணைத்து, அம்பன் கங்கையின் நீரை அங்கமெடில்லையில் மறித்துக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து சேர்த்த பெரும்பணி அது. வானிலிருந்து விழும் ஒரு துளி நீரும் மக்களுக்குப் பயன்படாமல் கடலைச் சேரக்கூடாது என்ற அவன் கொள்கையைச் சூளவம்சம் பதிந்து வைத்திருக்கிறது.

அவன் காலத்து உத்தராராமமே கல்விகாரை. ஒரே பாறையை வெட்டி நான்கு புத்தர் உருவங்கள்: அமர்ந்த பெரிய உருவம், குகைக்குள் அமர்ந்த சிறிய உருவம், 23 அடி உயரத்தில் நிற்கும் உருவம், 46 அடி நீளத்தில் கிடக்கும் உருவம். கிடக்கும் உருவத்தை அவசரமின்றிப் பார்க்கவேண்டும். தலையின் பாரத்தால் தலையணை சற்று அமுங்கியிருப்பதைச் சிற்பி கடினமான பாறையில் காட்டியிருக்கிறான். இரண்டு பாதங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல், மேற்பாதம் சிறிது பின்தள்ளியிருக்கிறது. உறங்கும் நிலையைக் காட்டாமல் பரிநிர்வாணத்தைக் காட்டும் குறி இது என்பர். பாறையின் இயற்கையான கருங்கோடுகள் முகத்தின் மீதும் உடல் மீதும் அலையலையாக ஓடுகின்றன. கைகளை மார்பில் மடித்து நிற்கும் உருவம் குருவின் பிரிவால் துயருறும் ஆனந்தரே என்று முன்பு கருதினர். ஒவ்வோர் உருவமும் தனித்தனி அறைக்குள் இருந்ததற்கான சுவடுகள் உள்ளமையால், அதுவும் புத்தரே என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. குகைக்கு அருகே பாறையில் பிக்குகளுக்கான ஒழுக்க விதிகள் பொறிக்கப்பட்டிருப்பதை மட்டும் பெரும்பாலோர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். பிரிந்து கிடந்த பிக்குப் பிரிவுகளை ஒன்றுபடுத்தியபின் அரசன் வெளியிட்ட கதிகாவத அது.

நேரமிருப்பவர்கள் குளத்தோரத்துத் தீப உய்யானத்திலுள்ள நிசங்கமல்லனின் சபா மண்டபத்துக்கும் போகவேண்டும். அங்குள்ள தூண்களில், அந்தந்தத் தூணருகே அமரவேண்டியவர் யார் என்பது பொறிக்கப்பட்டிருக்கிறது: யுவராஜன், சேனாதிபதி, எழுத்தர்கள், மாகாண ஆளுநர்கள், வணிகர்கள். ஓர் அரசவையின் இருக்கை ஒழுங்கை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சான்று வேறெங்கும் நான் கண்டதில்லை. அரசன் அமர்ந்த சிங்காசனத்தின் கற்சிங்கம் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கல்விகாரைக்கு வடக்கே, மரம் செடிகள் மூடிய குன்றாகத் தோன்றும் தமிழ மகா சேய உள்ளது. பராக்கிரமபாகு பாண்டிய நாட்டின்மீது படையெடுத்தபோது சிறைப்பிடித்துவரப்பட்ட தமிழர்களைக் கொண்டு அந்தத் தூபியைக் கட்டுவித்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. உலகிலேயே பெரிய தூபியாக அமையவேண்டும் என்று எண்ணித் தொடங்கிய அந்தப் பணி முற்றுப்பெறவில்லை. தந்ததாதுவைக் காப்பதாகக் கல்லில் எழுதிய தமிழரும், கைதிகளாகச் செங்கல் சுமந்த தமிழரும் ஒரே நூற்றாண்டில் ஒரே நகரத்தில் இருந்தார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. 1215இல் கலிங்க மாகன் கேரளப் படைகளோடு வந்து நகரத்தைச் சூறையாடியபோது, பிக்குகள் தந்ததாதுவைக் கொத்மலைக்கு எடுத்துச்சென்று மறைத்துவைத்தனர்.

சிவ தேவாலயங்களில் கிடைத்த நடராஜர், காரைக்கால் அம்மையார், நாயன்மார் செப்புத் திருமேனிகளில் பல கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளன. இயன்றால் பயணத்துக்கு முன்பே அவற்றைப் பாருங்கள். பொலன்னறுவையில் குளக்கரையோரத்து அருங்காட்சியகத்திலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள கட்டட மாதிரிகளைப் பார்த்தபின், கூரையிழந்த தூண்களிடையே நடக்கும்போது எது எங்கே எப்படி நின்றது என்பது தெளிவாக விளங்கும்.