கரடிக்கும் தடைக்காலம்

ஏப்ரல் 17
நேற்று முன்தினம் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுத வேலையே இல்லை, பனிக்கரடி பற்றிப் படிக்கிறேன்.

கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கடல்பனி முழுக்க உருகிவிடும். பனிமேல் நின்று சீல் (கடல்நாய்) பிடித்துத் தின்னும் கரடிகள் அப்போது கரையேறி, நவம்பர் வாக்கில் கடல் உறையும்வரை பெரும்பாலும் பட்டினி கிடக்கும். நம் தடைக்காலம் 61 நாள் என்று அரசாணையில் இருக்கிறது. அவற்றின் தடைக்காலம் 1980களில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று வாரம் நீண்டுவிட்டது.

ஏப்ரல் 22
"அதான் நல்லா நீந்துதே, தண்ணியிலயே புடிச்சா இன்னாண்ணா?" என்றான் லோடு ஏற்றும் தம்பி. நல்ல கேள்வி. தண்ணீரில் சீல் அதைவிட வேகம். மூச்சு விடுவதற்குப் பனியில் துளை போட்டு வைத்திருக்கும். கரடி அந்தத் துளையோரம் அசையாமல் மணிக்கணக்கில் காத்துக் கிடந்து, தலை தெரிந்ததும் பாய்ந்து கவ்வும். பனி இல்லையென்றால் துளை ஏது?

அதிலும் வசந்தகாலம் முக்கியம். கொழுத்த சீல் குட்டிகள் கிடைக்கும்; வருஷத்துக்கு வேண்டிய கொழுப்பில் பெரும்பங்கை அப்போதுதான் சேர்க்கிறது. பனி சீக்கிரம் உடைந்தால் பறிபோவது அந்த நல்ல சீசன்தான். கர்ப்பிணிக் கரடிக்கோ பட்டினி எட்டு மாதம்வரை போகும்.

"நமக்காவது நிவாரணம் குடுக்குறாங்க" என்று போய்விட்டான்.

மே 5
கரையில் வேறு எதையாவது தின்று சமாளிக்காதா? அந்த விரிகுடாக் கரையில் 20 கரடிகளுக்குக் கழுத்தில் கேமரா கட்டி மூன்று வாரம் பார்த்திருக்கிறார்கள். 2024-ல் முடிவு வந்தது. சில படுத்தே கிடந்தன, சில பழமும் புல்லும் தின்றன, ஒன்று 175 கி.மீ. நீந்தியது. 19 கரடிகள் இளைத்தன, சராசரியாக நாளுக்கு ஒரு கிலோ! அலைந்து தேடியதில் கிடைத்தது, அலைந்ததற்கே சரியாய்ப் போயிற்று.

மே 14
எர்ணாவூர் மச்சான், கடலரிப்புக்கு வடதுருவப் பனிதான் காரணம் என்கிறார். மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் அநேகமாக உயராது. கிரீன்லாந்து நிலத்தின் மேலிருக்கும் பனி உருகினால் உயரும். இங்கே துறைமுகச் சுவர் கரைக்கு வரவேண்டிய மணலைத் தடுத்ததை அவர் ஏன் மறக்கிறார்? ஆனால் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் கரியமில வாயு எண்ணூரோடு நிற்பதில்லை, உலகையே சூடாக்குகிறது. அது அவருக்கும் தெரியும்.

மே 20
மச்சானிடமிருந்து ஒரு ஃபார்வர்டு: 'பனிக்கரடி பெருகிவிட்டது.' பாதி உண்மை. 1973-ல் ஐந்து நாடுகள் ஆஸ்லோவில் ஒப்பந்தம் போட்டு வேட்டையைக் கட்டுப்படுத்தின, அப்புறம் சில இடங்களில் பெருகியது. துப்பாக்கியைச் சட்டத்தால் நிறுத்தலாம், பனி உருகுவதை அப்படி நிறுத்த முடியவில்லையே. ஹட்சனின் மேற்குப் பகுதியில் கரடிகளின் எண்ணிக்கை 2016-ல் மதிப்பீட்டின்படி 842, 2021-ல் 618. இரண்டு எண்ணையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.