நூற்றொன்பதாவது மைல்

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. இழுத்துக்கொண்டே போன காரியம் ஒன்று ஒருவழியாக முடிந்தால், "அப்பாடா, நூத்தி ஒம்போது தாண்டிடுச்சு" என்போம். அக்கா கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த அன்று பாட்டி சொன்னார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்து அப்பா சொன்னார். என் மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது, அர்த்தம் தெரியாமலே அவளும் சொன்னாள். அது என்ன நூற்றொன்பது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தாத்தாவிடமிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

தாத்தா லாரி டிரைவர். வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குப் போய்ச் சரக்கு ஏற்றி மெட்ராஸுக்கு ஓட்டினார். அதற்கு முன்னால், 1942 முதல் 1946 வரை, பட்டாளத்தில் லாரி ஓட்டினார். அதனால் கடைசி வரை தெருவில் அவர் 'மிலிட்டரிக்காரர்'தான். வேலூர்ப் பக்கம் இந்தப் பட்டப்பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மண் இது. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் மனதுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போடுவேன். 263 பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் என்ன ஆனார்கள்? யாராவது அவர்களை உட்காரவைத்துக் கேட்டார்களா?

நாங்கள் கேட்கவில்லை. தாத்தா 1991-இல் இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போதுமான வயதுதான். அவர் தானாகச் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக இருந்தது. "மணிப்பூர் ரோட்ல எறங்கினோம்னா சேறு முட்டி வரைக்கும் இருக்கும்." "வெளிப்பக்கச் சக்கரம் ஓரத்துக்குப் போச்சுன்னா ஆளும் கெடையாது, வண்டியும் கெடையாது." இப்படி ஒரு வரி, அதோடு சரி. மணிப்பூர் ரோடு என்றால் மணிப்பூருக்குப் போகும் ரோடு என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் இரண்டே பொருட்கள் இருந்தன. செல்லரித்துப்போன டிஸ்சார்ஜ் காகிதம் ஒன்று. அதில் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது பட்டாளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் பிரிவு, என்பதை மட்டும் படிக்க முடிந்தது. இன்னொன்று ஆறு முனை உள்ள ஒரு நட்சத்திரம், பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கம். அதன் நாடா கருநீலமும் சிவப்பும் ஆரஞ்சுமாக இன்னும் வெளுக்காமல் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரோடு நாகாலாந்தில் நடந்த கொஹிமா சண்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1944 ஜூன் 22 அன்று, வடக்கே கொஹிமாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷனும் தெற்கே இம்பாலிலிருந்து வந்த ஐந்தாம் இந்திய டிவிஷனும் சாலையில் சந்தித்தன. மார்ச் கடைசியிலிருந்து அடைபட்டுக் கிடந்த இம்பாலுக்கு அன்றுதான் வழி திறந்தது. அவர்கள் சந்தித்த இடம், திமாபூரிலிருந்து நூற்றொன்பதாவது மைல்கல்.

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம் அப்பாவை எழுப்பினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். காலையில் காபி குடிக்கும்போது, "போய்ட்டு வந்துரலாம்மா" என்றார்.

அப்பாவுக்கு அப்போது 77 வயது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமானம் வேண்டாம், ரயிலில்தான் வருவேன் என்றார். "அவர் ரயில்லதான போனாரு." நாகாலாந்துக்கு உள்ளே போக இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். அதை ஆன்லைனிலேயே எடுத்துக்கொண்டு 2024 ஏப்ரலில் காட்பாடியில் ஏறினோம். கொஹிமா சண்டைக்கு அது எண்பதாவது வருடம். மூன்றாம் நாள் குவாஹாட்டி, அங்கே மாறித் திமாபூர். கடைசி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்தவராம், அரைகுறை இந்தியில் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: திமாபூர் ஸ்டேஷனுக்கு அந்தக் காலத்துப் பெயரே மணிப்பூர் ரோடுதான்.

அப்பா பிளாட்பாரத்தில் இறங்கியதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பெட்டி தூக்க வந்த பையனிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

திமாபூரிலிருந்து கொஹிமா 46 மைல். இன்று அந்தச் சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் மலை அதே மலைதான். மழை பெய்தால் மண் சரிகிறது, சேறு வழிகிறது. எங்கள் பொலேரோ டிரைவர் ஒரு வளைவில் எதிரே வந்த டிப்பருக்கு வழிவிட ஒதுங்கினார். என் பக்கத்து ஜன்னலில் பள்ளத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தாத்தா சொன்ன வெளிப்பக்கச் சக்கரம் என்பது என்னவென்று அப்போது என் வயிற்றுக்குப் புரிந்தது. அவர் ஓட்டியபோது வயது இருபத்திரண்டு. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ராத்திரியில் விளக்கை மறைத்துக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். பின்னால் ஏற்றியிருந்தது குண்டா, அரிசியா, காயம்பட்ட ஆட்களா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கொஹிமாவில் போர்க் கல்லறை ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. கீழே டாக்ஸிகளின் ஹாரன் சத்தம், மேலே படிப்படியாக வெட்டிய புல்தரை. 1944 ஏப்ரல் தொடக்கத்தில் கோடோகு சாடோவின் தலைமையில் ஜப்பானியரின் 31-ஆம் டிவிஷன், 12,000-க்கும் மேற்பட்ட ஆட்களோடு இந்த மலைமுகட்டைச் சூழ்ந்தது. உள்ளே சண்டையிடக்கூடியவர்கள் சுமார் 1,500 பேர். ராயல் வெஸ்ட் கென்ட் பட்டாலியன், அஸ்ஸாம் ரெஜிமென்ட், அஸ்ஸாம் ரைஃபிள்ஸ், கொஞ்சம் ராஜ்புத் வீரர்கள், கூடவே சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள், டிரைவர்கள். தண்ணீர் வரும் வழி எதிரி கையில். விமானத்திலிருந்து தண்ணீரையும் குண்டையும் பாராசூட்டில் போட்டார்கள், அதில் பல எதிரி பக்கம் போய் விழுந்தன. காயம்பட்டவர்களைப் படுக்கவைத்த பள்ளத்திலேயே மறுபடி குண்டு விழுந்தது. இரண்டு வாரம் இப்படித் தாக்குப்பிடித்த பிறகுதான் உதவிப் படை உள்ளே வந்து சேர்ந்தது. அதற்கப்புறமும் ஜப்பானியரைக் கொஹிமாவிலிருந்து விரட்ட மே முழுக்க ஆயிற்று.

கல்லறையின் மேல்பகுதியில் வெள்ளைக் கோடுகள் தெரியும். டென்னிஸ் மைதானத்தின் கோடுகள். துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாவைச் சேர்ந்த மைதானம் அது. பங்களா தரைமட்டமாகிவிட்டது. மைதானத்தின் இந்த முனையில் இவர்கள், அந்த முனையில் அவர்கள். பந்து போக வேண்டிய தூரத்தில் கையெறி குண்டுகளை வீசிக்கொண்டார்கள். மே 13 அன்று ஒரு டாங்கியை மலைமேல் இழுத்துக் கொண்டுவந்து பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்ட பிறகுதான் அந்த இடம் கைக்கு வந்தது. நான் ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்கு நடந்து பார்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் ஒரு செர்ரி மரம். சண்டையில் சிதைந்துபோன பழைய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே 1,420 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தாழ்வான கல், அதன் மேல் ஒரு வெண்கலத் தகடு, பெயர், வயது. பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது. சிலவற்றில் பெற்றவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வாசலுக்கு அருகே இரண்டாம் டிவிஷனின் நினைவுக்கல்லில் உலகம் அறிந்த அந்த வாசகம்: ஊர் திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். அப்பா அதை என்னிடம் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது மேலே, தகன நினைவுச் சின்னத்தில். இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் முறைப்படி எரித்துவிட்டதால் அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. 917 பேரின் நினைவு அங்கே இருக்கிறது. அப்பா விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். நம் பக்கத்துப் பெயர் போலத் தோன்றிய இடங்களில் விரல் நின்றது. தாத்தா பெயர் அங்கே இருக்காது என்று அவருக்குத் தெரியும், அவர்தான் திரும்பி வந்துவிட்டாரே. இருந்தாலும் படித்தார். "இவங்க வீட்ல இருந்து யாராவது இங்க வந்து பாத்திருப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். பஞ்சாபிலோ ராஜஸ்தானிலோ ஒரு கிராமத்திலிருந்து கொஹிமாவுக்கு வர எத்தனை பேரால் முடிந்திருக்கும்?

ஜப்பானியரையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வாரத்துக்கான உணவோடு அவர்களை மலை ஏற்றி அனுப்பினார்கள். பின்னால் வர வேண்டிய அரிசி வரவே இல்லை. மேலதிகாரி முடாகுச்சியின் உத்தரவை மீறி சாடோ தன் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் பசியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்கள் ஏராளம். அந்த மண்ணில் நின்றபோது அவர்களை எதிரி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் தங்கிய ஹோம்ஸ்டேயை நடத்தும் அங்காமி நாகா அம்மா, ராத்திரி அடுப்பங்கரையில் புகைபோட்ட இறைச்சியும் சோறும் பரிமாறிக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சண்டை வந்ததும் ஊரே காட்டுக்குள் ஓடியதாம். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்தானாம். நாகா மக்கள் சுமை தூக்கினார்கள், வழி காட்டினார்கள், காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் மலை இறக்கினார்கள். அவர்கள் தொடங்காத சண்டை அது. இங்கே போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் சிலர், தள்ளாத வயதில் பணம் சேர்த்து, நாகா பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கியிருக்கிறார்கள். கொஹிமாவில் கேட்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அன்றிரவு அப்பா எங்கள் தெரு டீக்கடையைப் பற்றிப் பேசினார். தாத்தாவோடு தினமும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர் மலேயாவிலிருந்து வந்தவர். ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போனவர். ஒரே போரில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். பிற்பாடு அவருக்குத் தியாகி பென்ஷன் வந்தது. தாத்தாவைப் போலப் போருக்காக மட்டும் எடுத்து, போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்குப் பென்ஷன் இல்லை. அதில் தாத்தாவுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டேன். "பென்ஷன் வர்ற அன்னிக்கு அவருதான் டீக்கு காசு குடுப்பாரு. மத்த நாள்ல உங்க தாத்தா. அவ்ளோதாம்மா" என்றார் அப்பா. இருவருமே இப்போது இல்லை. ஒருவர் இம்பாலுக்கு வெளியே நின்றார், இன்னொருவர் இம்பாலுக்குள் போகக் காத்திருந்தார். அதை அந்த பெஞ்சில் ஒருநாளாவது பேசியிருப்பார்கள். நான் அதே கடைக்குப் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில், தெருவில், 62-இலோ 65-இலோ 71-இலோ கார்கிலிலோ இருந்த ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். சண்டையைப் பற்றிக் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டார், யாரோடு தங்கினார், எந்த ஸ்டேஷனில் இறங்கினார் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். எங்களுடையதைப் பூச்சி தின்றுவிட்டது.

இம்பால் வரை போக வேண்டும், மொய்ராங்கில் நேதாஜி படையின் நினைவகத்தைப் பார்க்க வேண்டும், நடுவே நூற்றொன்பதாவது மைலில் இறங்க வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டிருந்தோம். மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரம் அப்போதும் அடங்கவில்லை. போக வேண்டாம் என்று கொஹிமாவில் கேட்ட எல்லோருமே சொன்னார்கள். சரி, போகிற வரை போவோம் என்று கடைசி நாள் அதே பொலேரோவில் கிளம்பினோம். கிசாமாவைத் தாண்டி, நாகாலாந்தின் கடைசி ஊரான குஸாமாவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். இதற்கு மேல் மணிப்பூர்.

"நூத்தி ஒம்போது இன்னும் எவ்ளோ தூரம்?" என்றார் அப்பா. கணக்குப் பார்த்தேன். நாற்பது மைலுக்கு மேல். சாலை ஈரமாக வளைந்து மேகத்துக்குள் போயிற்று. அப்பா குடையோடு இறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனால் குடையை விரிக்கவில்லை.

தாத்தா விடியற்காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரு இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிச் சத்தம் கேட்பார். ஆறையும் தட்டி முடிக்காமல் இன்ஜினைத் தொடமாட்டார். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில்தான் நான் விழிப்பேன்.

அப்பா பொலேரோவின் முன்சக்கரத்துக்குப் போய்க் குடைக் காம்பால் தட்டினார். குனிந்து கேட்டார். பின்சக்கரம். சுற்றிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்து இரண்டு. டிரைவர் தலையை வெளியே நீட்டி, பஞ்சரா என்று இந்தியில் கேட்டார். அப்பா இல்லை என்று கையாட்டிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினார்.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார். "திருப்பச் சொல்லு."