தால் ஏரியில் மீசை ஆலா

ஸ்ரீநகர் போய் இறங்கியதும் ஹோட்டல்காரர் குல்மார்க் போகலையா, பஹல்காம் போகலையா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போனது மீசை ஆலாவைப் பார்க்க.

குளிர்காலத்தில் பள்ளிக்கரணையில் நிறையவே வரும் பறவைதான். ஆனால் நம்மூரில் அது வெளிறிப்போய், சாம்பலும் வெள்ளையுமாக, பின்தலையில் மட்டும் கொஞ்சம் கறுப்போடு திரியும். இதில் மீசை எங்கே இருக்கிறது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். முட்டையிடும் காலத்தில் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அதற்குக் காஷ்மீரை விட நல்ல இடம் எது?

ஜூன் கடைசி வாரம், காலை ஐந்தரை மணி, ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். படகு ஓட்டிய பெரியவரை எல்லோரும் சாச்சா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கூட்டமில்லாத பக்கமாக அல்லி இலைகள் நெருக்கமாகப் படர்ந்த ஓரிடத்துக்குத் துடுப்புப் போட்டு அழைத்துப்போனார். ஒரு ஆலா தலைக்கு மேலேயே வந்து கரகரவென்று கத்தியதும் சட்டென்று நிறுத்தி, படகைப் பின்னால் தள்ளிவிட்டார். இதற்கு மேல் போகக் கூடாது பாய் என்றார்.

தொலைநோக்கியில் பார்த்தேன். கரிய தொப்பி, ரத்தச் சிவப்பில் அலகு, அடிவயிறு கருஞ்சாம்பல், இரண்டுக்கும் நடுவே கன்னத்தில் இழுத்துவிட்ட மாதிரி வெள்ளைப் பட்டை. அட, மீசை!

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இலைகளின் மேல் ஈரத் தண்டுகளைக் குவித்திருந்தது, அவ்வளவுதான். அதில் இரண்டு, மூன்று முட்டை இட்டு, ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். ஒரு கூட்டில் கரும்புள்ளி போட்ட மணல் நிறக் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கடல் ஆலாக்கள் மாதிரி இது தண்ணீருக்குள் பாய்வது குறைவு; மேற்பரப்பை ஒட்டிப் பறந்து தட்டானையோ சின்ன மீனையோ கொத்திக்கொண்டு போகும். அந்தக் குஞ்சுக்கு ஒரு தட்டான் வந்து சேர்ந்தது, முழுங்க அது பட்ட பாட்டைப் பார்த்து நானும் சாச்சாவும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் தூரத்தில் ஒரு மோட்டார் படகு போனது. அதன் அலை எங்களிடம் வர அரை நிமிடம் ஆகியிருக்கும், இலைகள் எல்லாம் மேலும் கீழும் ஆடின, ஆலாக்கள் மொத்தமாக எழும்பிக் கத்தின. தண்ணீர் மெல்ல ஏறினால் கூடும் சேர்ந்து மிதந்துவிடும், திடீர் அலைக்கு என்ன செய்யும்? குஞ்சு தப்பியது.

ஏரியைச் சுத்தப்படுத்த அல்லி இலைகளை இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். அள்ளாவிட்டால் ஏரி தூர்ந்துவிடும், சரிதான். ஆனால் இந்தப் பறவைக்கு அந்த இலைதான் தரை. ஆகஸ்ட் வரைக்கும் கூடு இருக்கும் பக்கத்தையாவது விட்டுவைக்கலாமே என்று மனது அடித்துக்கொண்டது.

மறுநாள் ஹோகர்சர் போனேன். 2005இலிருந்து ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், இருக்கும் சதுப்பு நிலம், ஓடைகள் கொண்டுவரும் வண்டலால் மேடேறிக்கொண்டே வருகிறது. ஒரு மணி நேரம் நின்றதில் நான்கு ஆலாக்கள்தான் பறந்தன.

ஜூன், ஜூலையில் தால் ஏரிக்குப் போகிறவர்கள் துடுப்புப் படகே எடுங்கள். விடியற்காலையில் போங்கள்.